ஒற்றுப்பிழை மட்டும்தான்

(இரவு பதினொன்றரை. அக்கா, ஸ்டார் டிரெக் என்ற விண்வெளிக்கப்பல் டி.வி. தொடரில் வராததையெல்லாம் தானே ரசிகர் கதையாக எழுதுகிறவள். தம்பி, சம்பளமில்லாமல் பிழை திருத்துகிறவன்.)

தம்பி: அக்கா, இந்த ஏழாம் அத்தியாயத்தில் ஸ்பாக் எத்தனை தடவை அழுகிறான், எண்ணிப் பார்த்தாயா?

அக்கா: நான்கு இருக்குமா?

தம்பி: ஒன்பது. கதவைத் திறக்கும்போது ஒன்று, மூடும்போது ஒன்று. பாதி வல்கன் கிரகத்துக்காரன் அவன், உணர்ச்சியை அடக்குவதற்கென்றே வளர்க்கப்பட்டவன், நீ அவனைத் திறந்துவிட்ட குழாய் மாதிரி ஆக்கிவிட்டாய்.

அக்கா: மீதிப் பாதி மனிதன்தானே? அம்மா பூமிக்காரி. அந்தப் பாதி அழுகிறது.

தம்பி: அப்படியானால் ஒரு கண்ணில் மட்டும் அழ விடு.

அக்கா: தொடரிலேயே அழுதிருக்கிறானே! 1966இல், முதல் சீசனிலேயே, அந்தத் தொற்று வந்து எல்லாருக்கும் புத்தி பேதலிக்கிற எபிசோட்.

தம்பி: அழுதான், ஆனால் எப்படி அழுதான்? ஆளில்லாத அறைக்குள் போய் உட்கார்ந்து, இரண்டு, நான்கு, ஆறு, அப்புறம் ஆறாறு என்று வாய்ப்பாட்டைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வரப் பார்க்கிறான், முடியவில்லை. அம்மாவிடம் பாசத்தை ஒருநாளும் சொல்ல முடியவில்லை என்று கப்பலின் கேப்டன் ஜிம்மிடம் சொல்கிறான். கண்ணீர்கூடப் பரவாயில்லை, அந்த வாய்ப்பாடுதான் நம்முடைய தொண்டையை அடைக்கிறது. உன் கதையில் வாய்ப்பாடு எங்கே?

அக்கா: எனக்கே கணக்கு வராது. அது போகட்டும், அவன் சொல்லாமல் விட்டதைச் சொல்லத்தானே நாங்கள் இருக்கிறோம்? 1967இலேயே ஸ்பாக்கனேலியா என்று அவன் பெயரில் இதழ் போட்டுக் கதை எழுதியவர்கள் எங்கள் முன்னோர்கள்.

தம்பி: சொல், யார் வேண்டாம் என்றார்கள். அவன் வாயாலேயே சொல்ல வைக்காதே. அதே 1967இல் வந்த எபிசோடைப் பார்: கேப்டனைத் தன் கையாலேயே கொன்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு கப்பலுக்குத் திரும்புகிறான், அங்கே கேப்டன் உயிரோடு நிற்கிறார், இவன் இரண்டு கையாலும் அவரைப் பிடித்துக்கொள்கிறான், வாயெல்லாம் பல். அடுத்த நொடியே முகத்தை இறுக்கிக்கொண்டு, திறமையான கேப்டனை இழக்கவில்லையே என்கிற தர்க்கரீதியான நிம்மதிதானாம் அது! டாக்டரே நம்பவில்லை. பொய் என்று எல்லாருக்கும் தெரிந்த அந்தப் பொய்யில்தான் பாசம் மொத்தமும் இருக்கிறது. நீயோ மூன்று பக்கத்துக்கு, ‘ஜிம், என் உள்ளம் எரிமலையாகக் குமுறுகிறது.’

அக்கா: நல்ல உவமைதானே?

தம்பி: எறிமலை என்று வல்லின ‘றி’ போட்டிருக்கிறாய்.

அக்கா: (பெருமூச்சு விட்டு, மடிக்கணினியை மூடிவிட்டு) சரி, இதைக் கேள். கேப்டன் மயக்கமாகக் கிடக்கிறார். இவன் பக்கத்தில் நின்று அவருடைய நாடித்துடிப்பை எண்ணுகிறான். நூறு வந்ததும் மறுபடியும் ஒன்றிலிருந்து. டாக்டர் வந்து, அதைத்தான் கருவி எண்ணுகிறதே என்கிறார். கருவி சரியாக எண்ணுகிறதா என்று பார்க்கிறேன் என்கிறான். விடிகிறவரைக்கும் பார்க்கிறான்.

தம்பி: ...

அக்கா: என்னடா?

தம்பி: ஒன்றுமில்லை. திரை வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது.

அக்கா: மூடி ரொம்ப நேரமாகிறதே.

தம்பி: எட்டாம் அத்தியாயம் எப்போது முடிப்பாய்? ஒற்றுப்பிழை பார்க்கத்தான் கேட்கிறேன், நேரம் ஒதுக்க வேண்டுமே.

அக்கா: டேய், ஆறாறு எவ்வளவு?

தம்பி: (மூக்கை உறிஞ்சிக்கொண்டு) முப்பத்தாறு.