தக்காளி அப்புறம், முதலில் கீரை
மாடித்தோட்டம் போடுகிறவர்கள் தக்காளியில் ஆரம்பிக்கலாம் என்று ஒரு கட்டுரையில் இருக்கிறது, எனக்கு அது சரியாகப் படவில்லை. இலைச்சுருள் நோய் வந்து முதல் வருடமே என் நாலு செடியும் போயிற்று. சிறுகீரையோ முளைக்கீரையோ தூவினால் 25, 30 நாளில் பறித்துவிடலாம், அரை அடி ஆழம் போதும், பழைய பிளாஸ்டிக் டப்பின் அடியில் நாலு ஓட்டை போட்டாலும் சரி. அப்புறம் வெண்டை. நாற்று விட்டுப் பிடுங்கி நடாமல் விதையை நேரே தொட்டியிலேயே ஊன்றுங்கள், 45 நாள் வாக்கில் காய்க்கும், ஆனால் இரண்டு செடி வைத்தால் ஒரு பொரியலுக்குக்கூடத் தேறாது, ஆறு செடியாவது வேண்டும். தேங்காய் நார்க்கழிவில் உப்பு இருக்கும், ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிய பிறகே மண்ணோடு கலக்கவும். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் கேட்கிறது. அணிலுக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை.