சந்தாவில் மட்டும் அரை கிடையாது

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த இளைஞர்கள் தொழிற்சங்கங்களை விட்டு விலகுவதற்கு அரசியல் விழிப்பு இல்லாததுதான் காரணம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. விழித்துக்கொண்டதால்தான் விலகுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

தோட்டத் தொழிலாளர்களுக்கு நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று 2015இல் சங்கத் தலைவர்கள் சொன்னார்கள். கிடைத்தது 2021இல், அதுவும் அரசாங்கம் வர்த்தமானி (அரசிதழ்) போட்டு. 2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 1,700 என்றார். கம்பனிகள் நீதிமன்றம் போயின, செப்டெம்பரில் 1,350தான் மிஞ்சியது. இடையில் 2022இல் மாவும் அரிசியும் விற்ற விலையை யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை.

அந்தச் சம்பளமும் முழுசாக வராது. பறித்த கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். மழை நாளில் ஈரத்துக்கு என்று கிலோவில் வேறு கழிப்பார்கள். சம்பளத்தில் பிடிக்கும் சங்கச் சந்தாவை மட்டும் யாரும் பாதியாக்கியதில்லை (அம்மாவின் சம்பளச் சீட்டு பார்த்து வளர்ந்தவன் நான்).

இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் 1978இல் அமைச்சரானதற்கு ஒரு நியாயம் இருந்தது. பிரஜாவுரிமை இல்லாமல் லட்சக்கணக்கானோர் கிடந்தார்கள், உள்ளே இருந்துதான் அதைப் பேச முடிந்தது. சரி, அப்புறம் வந்தவர்கள்? கம்பனியோடு சம்பளம் பேசியதும் அவர்கள், அரசாங்கத்தில் அமைச்சராக இருந்ததும் அவர்கள். போராட்டம் என்று அவர்கள் கூப்பிடும்போது, யாரை எதிர்த்து என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கட்டுரையில் அந்தக் கேள்விக்கு ஒரு வரிகூட இல்லை.