பத்து யூரோவுக்குள் ஒரு போர்ஹா கர்னாச்சா

ஸ்பெயின் ரெட் ஒயின் என்றதும் எல்லோர் வாயிலும் ரியோஹா வட்டாரத்தின் பெயர்தான் வருகிறது. நல்ல ஒயின்தான், மறுக்கவில்லை. ஆனால் பத்து யூரோவுக்குள் எதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்டால், லேபிளில் ‘காம்போ தே போர்ஹா’ என்ற வட்டாரப் பெயர் போட்ட, கர்னாச்சா திராட்சையில் செய்த ஒயினை எடுங்கள் என்பேன்.

போர்ஹா, ஸ்பெயினின் அரகோன் மாநிலத்தில் ஸரகோஸா நகருக்கு மேற்கே உள்ள சிற்றூர். 2012இல் ஒரு சுவரிலிருந்த இயேசு ஓவியத்தைச் சரிசெய்யப்போய் முகமே மாறிப்போனதே, உலகமெல்லாம் சுற்றிய அந்தப் படம், அது இந்த ஊரில்தான். அந்தப் படத்தைத் தெரிந்த அளவுக்கு இந்த ஊர் ஒயினை யாருக்கும் தெரியவில்லை என்பது என் ஆதங்கம்.

2,300 மீட்டரைத் தாண்டும் மொன்காயோ மலையை ஒட்டிய வறண்ட நிலம். சியெர்சோ என்ற குளிர்காற்று வடமேற்கிலிருந்து வீசி ஈரத்தை உலர்த்திவிடும், பூஞ்சை அவ்வளவாக அண்டாது. பழைய கொடிகள் பந்தலோ கம்பியோ இல்லாமல் புதராகவே நிற்கும். வயதான கொடி கொஞ்சமாகத்தான் காய்க்கும். காய்த்ததில் சாரம் அதிகம். பிரான்சில் கிரெனாஷ் என்ற பெயரோடு ஷாத்தோநெஃப்-து-பாப் ஒயினில் பெருவிலைக்குப் போவதும் இதே திராட்சைதான்.

பிறகு ஏன் மலிவு? சரக்கு மட்டம் என்பதால் இல்லை. ஊருக்குப் பெயர் இல்லை, அவ்வளவுதான். இளம் ஒயினைப் புது ஓக் மரப் பீப்பாயில் ஊறவைக்கும் செலவும் கிடையாது. விவசாயிகளின் கூட்டுறவுகள்தான் இங்கே முதுகெலும்பு. போர்சாவோ என்ற நிறுவனமே மூன்று ஊர்க் கூட்டுறவுகள் 2001இல் ஒன்றுசேர்ந்து உருவானது. கொடியைப் பிடுங்கினால் ஐரோப்பிய மானியம் கிடைத்த காலமும் ஸ்பெயினில் இருந்தது. அதைத் தாண்டி நிற்கும் கொடிகள் இவை. விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலையில் விற்றால்தான் இனியும் நிற்கும்.

ரெட் ஒயின் துவர்க்கிறது என்று ஒதுங்கியவர்களுக்கு இது பிடிக்கும். கர்னாச்சாவின் தோல் மெல்லியது, துவர்ப்பு குறைவு. ராஸ்பெரி, பழுத்த செர்ரி, கடைசியில் லேசாக மிளகுக் காரம். அரகோன்காரர்கள் தெர்னாஸ்கோ என்ற இளம் ஆட்டுக்கறியைச் சுட்டு இதோடு சாப்பிடுவார்கள். அதற்கு மேல் பொருத்தம் நான் கண்டதில்லை.

ஆல்கஹால் 14, 15 சதவீதம் வரை போகும், நிதானமாகக் குடியுங்கள். வெயில் காலத்தில் இருபது நிமிஷம் ஃபிரிட்ஜில் வைத்துத் திறங்கள். சூடாகக் குடித்தால் சாராய நெடிதான் முன்னால் நிற்கும். திறந்ததை மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள். காற்றுப் பட்டால் கர்னாச்சா சீக்கிரம் சோர்ந்துவிடும்.