அரச மரம் இரவிலும் ஆக்சிஜன் தருமா?

"அரச மரம் 24 மணி நேரமும் ஆக்சிஜன் தரும், தெருவுக்கு ஒன்று போதும்" என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறு. ஒளிச்சேர்க்கையில் நீர் மூலக்கூறு பிளவுபடும்போதுதான் ஆக்சிஜன் வெளிவருகிறது. அதற்கு வெளிச்சம் வேண்டும். கள்ளிச்செடிகள் இரவில் கரியமில வாயுவை இழுத்துச் சேமிப்பது உண்மை. ஆனால் அவையும் அப்போது ஆக்சிஜன் விடுவதில்லை. (மரத்தடியில் இரவு உறங்கினால் மூச்சுமுட்டும் என்பதும் பொய்தான்.)

காற்றில் ஏறத்தாழ 21 சதவீதம் ஆக்சிஜன் ஏற்கெனவே இருக்கிறது. நகரத்துக்குத் தேவை மரங்களின் நிழலும், இலைகள் நீராவியை வெளியிடுவதால் கிடைக்கும் குளிர்ச்சியும். அரச மர வேர் சுவரையே பிளக்கும். குறுகிய தெருவில் புங்கனோ பூவரசோ நடுங்கள். இருக்கும் மரங்களின் அடியில் சிமெண்ட் பூசியிருந்தால் தயவுசெய்து உடைத்தெடுங்கள், வேருக்குத் தண்ணீரும் காற்றும் போகட்டும்.