பாரிமுனைத் தூணுக்கு ஒரு பலகை வையுங்கள்

சென்னை தினமான ஆகஸ்ட் 22 வந்தால் போதும், 1639, கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே, ஜார்ஜ் கோட்டை என்று பதிவுகள் வரிசைகட்டும். வரட்டும், சந்தோஷம்தான். ஆனால் என்னைக் கேட்டால், நம் தலைநகரின் பெரிய திருப்பம் அதற்கு நூறு வருடம் கழித்து வந்தது. அதை யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அப்போது கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டியே நம் ஜனங்களின் ஊர் இருந்தது. நெசவாளர்கள், வியாபாரிகள், மொழிபெயர்ப்பாளர்களான துபாஷிகள் என்று தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கிய ஊர். வெள்ளைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் கறுப்பர் பட்டணம். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸைப் பிடித்தார்கள். கோட்டைக்கு இவ்வளவு பக்கத்தில் வீடுகள் இருந்தால் எதிரி மறைந்து நின்று தாக்குவான் என்று ஒரு பகுதியை இடித்தார்கள். 1749-ல் ஊரைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர்களும் அதே கணக்கைத்தான் போட்டார்கள். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை வந்து இரண்டு மாதம் முற்றுகையிட்டதும் அந்தப் பயம் இன்னும் கூடியது. மிச்சமிருந்த வீடுகளும் போயின.

வீடுகள் மட்டுமா? சென்னகேசவப் பெருமாள் கோயிலையும் 1757-ல் இடித்தார்கள். சென்னை என்ற சொல்லைத் தன் பெயரிலேயே சுமந்த கோயில்! அப்புறம் கம்பெனி மாற்று இடம் கொடுக்க, மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று பூக்கடைப் பக்கம் சென்னகேசவருக்கும் சென்னமல்லீசுவரருக்கும் புதுக் கோயில்கள் எழுப்பினார். இன்றும் அதைப் பட்டணம் கோயில் என்றே சொல்கிறோம். பழைய கோயில் இருந்த திடலில்தான் 1892-ல் உயர்நீதிமன்றம் எழுந்தது.

இடித்த இடத்தில் மறுபடி யாரும் வீடு கட்டிவிடக் கூடாதென்று 1773-ல் எல்லைத் தூண்கள் ஆறு நட்டார்கள். தூண்களுக்கு வடக்கே வளர்ந்ததுதான் பின்னாளில் ஜார்ஜ் டவுன். ஆறில் ஒன்றே ஒன்று பாரிமுனையில், டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரமாக இன்னும் நிற்கிறது. பல வருடம் அந்த வழியாகப் பஸ் பிடிக்க ஓடியிருக்கிறேன். அது என்னவென்றே தெரியாது. விஷயம் தெரிந்த பிறகு ஒருநாள் போய் அரை மணி நேரம் நின்றேன். கீழே அகன்று, மேலே கூம்பிக்கொண்டு போகும் சின்னத் தூண். சுற்றிலும் ஹாரன் சத்தம், பழ வண்டிகள், கோர்ட்டுக்கு விரையும் கறுப்புக் கோட்டுகள். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு மனசு கனத்துவிட்டது.

1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது இந்த நகரம் யாருக்கு என்று எவ்வளவு பெரிய போராட்டம் நடந்தது! தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம் என்றார் ம.பொ.சி. அப்படிக் காத்த நகரத்தின் முதல் ஊர் எங்கே இருந்தது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்ல ஓர் அடையாளம் வேண்டாமா?

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அந்தத் தூணுக்குப் பக்கத்தில், ரோட்டில் நடப்பவர் கண்ணில் படும்படி தமிழில் ஒரு பலகை. இங்கிருந்து கோட்டை வரை ஓர் ஊர் இருந்தது, அதை இன்ன காரணத்துக்காக இடித்தார்கள், அங்கிருந்தவர்கள் வடக்கே போய் மறுபடி ஊர் கட்டினார்கள் என்று நாலு வரி. அடுத்த ஆகஸ்ட் 22-க்குள் வைத்துவிடலாம்.