தேனீயின் நாக்குக்குத் தெரியாதது

"விஷம் இருந்தா தேனீ அந்தப் பூ பக்கமே போகாதுங்க, அதுக்குத் தெரியாதா?" பூச்சிமருந்துப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் இப்படிச் சொல்லிவிடுகிறார். உண்மையில் அதற்குத் தெரியாது.

தேனீயின் உணர்கொம்பில் ஒரு துளி சர்க்கரைத் தண்ணீர் பட்டால் போதும், நாக்கு சட்டென்று வெளியே நீளும். தேனீயின் ருசியை ஆய்வுக்கூடத்தில் இப்படித்தான் சோதிப்பார்கள். 2015இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வில் தேனீக்கு இரண்டு குழாய்களை வைத்தார்கள். ஒன்றில் வெறும் சர்க்கரைத் தண்ணீர், மற்றதில் அதோடு துளியூண்டு இமிடாகுளோபிரிட் அல்லது தயாமீதாக்சம் என்ற பூச்சிமருந்து. மருந்து கலந்த குழாயைத்தான் தேனீக்கள் அதிகம் நாடின. சுவை நரம்புகளிலோ மருந்துக்கு எந்தச் சலனமும் இல்லை. ருசி தெரியாமலே ஒரு நாட்டம்! இந்த மருந்துகள் மூளையில் போய் உட்காரும் இடம், புகையிலையின் நிகோடின் உட்காரும் அதே இடம். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் 2012இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் செய்த ஆய்வு. எனக்கு அதிக வருத்தம் தந்தது இதுதான். கொல்லாத அளவு இமிடாகுளோபிரிட் குடித்த தேனீ, சுமாரான இனிப்புக்கு நாக்கை நீட்டவே இல்லை; நல்ல தித்திப்பாக இருந்தால்தான் நீட்டியது. கூட்டுக்குத் திரும்பிய பிறகும் ஆட்டம் குறைந்துவிட்டது. அந்த ஆட்டம் வெறும் கொண்டாட்டமல்ல. பூ எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று மற்றவர்களுக்குச் சொல்லும் வழி அது. அதைப் படித்துக் காட்டியதற்காகவும்தான் விலங்கியலாளர் கார்ல் வான் ஃபிரிஷுக்கு 1973இல் நோபல் கிடைத்தது. ஒரு தேனீ ஆடாவிட்டால், வேளா வேளைக்குக் கிளம்பத் தயாராக நிற்கும் மற்ற தேனீக்களுக்கு வழி தெரியாது.

மருந்து தேனீக்கு ஆபத்தா என்று பார்க்கும் அடிப்படைச் சோதனையோ 48 மணி நேரத்தில் எத்தனை செத்தன என்று எண்ணுகிறது. நம்ம தேனீ அந்தக் கணக்கில் உயிரோடுதான் இருக்கும். இதைப் 'பாதுகாப்பு' என்பதை நான் ஏற்கமாட்டேன்.

சரி, பூக்கும் நேரத்தில் தெளிக்காமல் இருந்தால் போதாதா? தெளிக்கும் மருந்துக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் விதைநேர்த்தியில் விதைமேல் பூசிய மருந்து செடியின் சாற்றோடு ஏறி, மகரந்தத்துக்கும் பூந்தேனுக்கும் வந்து சேர்கிறது. பூ மலரும்போது மருந்து ஏற்கெனவே உள்ளே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சம் இரண்டையும், அதே வகை மருந்தான குளோதியானிடினையும் திறந்தவெளிப் பயிர்களில் தடை செய்தபோது, விதைநேர்த்தியையும் சேர்த்தே நிறுத்தியது.