வெற்றி விகிதம் தாமதமாகத்தான் வாய் திறக்கும்

'எங்கள் வெற்றி விகிதம் இத்தனை சதவீதம்' என்று கருத்தரிப்பு மையங்கள் விளம்பரம் செய்யும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும்: அந்த எண் சரியத் தொடங்கினால் உங்களுக்கு எப்போது தெரியவரும்?

கருவைப் பதித்து, ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருந்து, ஸ்கேனில் இதயத்துடிப்பைப் பார்த்து, மாதக் கணக்கைக் கூட்டிய பிறகுதான் சரிவு கண்ணில் படும். சிறிய மையமென்றால் அது தற்செயலா கோளாறா என்று பிரித்தறிய இன்னும் சில மாதங்கள் ஓடிவிடும். அதுவரை எத்தனை பேரின் கருக்கள் அதே இன்குபேட்டருக்குள் (கருக்களை வளர்க்கும் வெப்பப் பெட்டி) போயிருக்கும்?

ஆகவே ஆய்வகத்தின் தரத்தைக் கர்ப்ப விகிதத்தால் மட்டும் அளப்பதை நான் ஏற்பதில்லை. முன்கூட்டியே எச்சரிக்கும் எண்கள் இருக்கின்றன. இக்ஸி செய்த முட்டை, அதாவது ஊசி மூலம் ஒற்றை விந்தணுவை உள்ளே செலுத்திய முட்டை, இயல்பாகக் கருவுற்றதா என்பது மறுநாளே தெரிந்துவிடும். கருத்தரிப்பு ஆய்வகங்களின் தர அளவுகோல்கள் குறித்து நிபுணர்கள் கூடி முடிவுசெய்து 2017இல் வெளியான வியன்னா ஒருமித்த அறிக்கை, அந்த விகிதம் குறைந்தது 65 சதவீதம் இருக்க வேண்டும், எட்ட வேண்டிய இலக்கு 80 என்கிறது. ஊசியால் சேதமடையும் முட்டைகள் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் இவற்றையும் மொத்தச் சராசரியாகப் பார்த்துப் பயனில்லை. ஒருவர் கை தடுமாறினால் இன்னொருவரின் தேர்ந்த கை அதைக் கணக்கில் மறைத்துவிடும். ஒவ்வொரு கருவியலாளருக்கும், ஒவ்வொரு இன்குபேட்டருக்கும், வளர்ப்பு ஊடகத்தின் (கரு வளரும் திரவம்) ஒவ்வொரு தொகுதிக்கும் தனித்தனியே பிரித்துப் பார்க்க வேண்டும்.

கருவுக்குத் தரம் போடுவதிலும் இதே சிக்கல்தான். ஒரே பிளாஸ்டோசிஸ்ட்டுக்கு (ஏறத்தாழ ஐந்து நாள் வளர்ந்த கரு) இருவர் இரு வேறு தரம் தருவது சாதாரணம். பெயரை மறைத்த படங்களைக் காட்டி அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்க்க பெரிய செலவொன்றும் ஆகாது, மனம்தான் வேண்டும்.

கருவிகளின் திரையையும் அப்படியே நம்ப முடியாது. இன்குபேட்டர் காட்டும் 37 டிகிரி அதன் சொந்த உணரி சொல்வது. தனி வெப்பமானி வைத்துச் சரிபார்க்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. கரு உணர்வது ஊடகத்தின் பிஎச் அளவைத்தான் (அமில-காரத் தன்மை), அதையே நேரடியாக அளக்க வேண்டும். (நாள்தோறும் 37.0 என்றே எழுதப்பட்ட பதிவேட்டைப் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். உண்மையான அளவீடு கொஞ்சமாவது ஆடும்.)

2018 மார்ச்சில் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் உறைநிலைத் தொட்டி ஒன்று பழுதாகி, 4,000க்கும் மேற்பட்ட முட்டைகளும் கருக்களும் பாழாயின. ஊழியர்களை எச்சரிக்க வேண்டிய தொலைநிலை அலாரம் அணைக்கப்பட்டிருந்தது. அலாரம் இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதைக் கடைசியாக எப்போது ஒலிக்கவிட்டுப் பார்த்தீர்கள், நள்ளிரவில் யாருடைய தொலைபேசி அடித்தது, அவர் வந்து சேர எவ்வளவு நேரமானது என்றும் கேளுங்கள்.